சுனைக்குப் போக வழி எங்கே?

ஒரு காட்டில், குழந்தைகளே, சிங்கம் இல்லை; சங்கம் இருந்தது. 'குளத்தங்கரைக் குடிநீர்க் காவல் சங்கம்' என்பது அதன் முழுப்பெயர். மாலையில் ஓர் உறுப்பினர் நீர் குடிக்கும்போது, இன்னோர் உறுப்பினர் புலி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளும். இதற்குக் கூலி கிடையாது. நன்றி உண்டு, அதுவும் ஆண்டு விழாவில் மட்டும்.

அந்தக் கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. சங்கத்தின் புதிய செயலாளர் துடுக்காயி என்ற கீரி. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பிறவி. அது காடெல்லாம் ஓடி, குன்றுக்குப் பின்னால் வற்றாத சுனை ஒன்றைக் கண்டுபிடித்தது. மூச்சு வாங்கும் முன்பே கூட்டம் கூட்டியது.

"நாளை முதல் நாம் எல்லோரும் சுனைக்குப் போகிறோம். யாருக்காவது மறுப்பு உண்டா?"

மறுப்பு எதுவும் வரவில்லை.

"சம்மதம் என்றால் வாலைத் தூக்குங்கள்!"

எல்லா வால்களும் எழுந்தன. தவளைக்கு வால் இல்லாததால் அதன் வாக்கை எப்படி எண்ணுவது என்று சிறிது நேரம் விவாதம் நடந்தது. பிறகு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மயில் ஆடியது. எல்லோரும் மகிழ்ச்சியாகக் கலைந்தார்கள்.

மறுநாள் மாலை துடுக்காயி சுனைக்கரையில் காத்திருந்தது. ஆள்காட்டிக் குருவி மட்டும் பறந்து வந்தது.

"மற்றவர்கள் எங்கே?"

"பழைய குளத்தில்தான்."

"தீர்மானம் நிறைவேறியதே!"

"அதுதான் நிறைவேறிவிட்டதே, இனி நடக்க வேறு வேண்டுமா என்று இருக்கிறார்கள்" என்றது குருவி. அதற்கு எதையும் பூசி மெழுகிச் சொல்ல வராது.

கீரி மறுபடி கூட்டம் கூட்டியது. திட்டியது, கெஞ்சியது. வால்கள் முன்னைவிட உயரமாக எழுந்தன. கால்தான் ஒன்றும் எழவில்லை.

அதற்குள் குளம் சேறாகிவிட்டது. நீரைத் தேடி உள்ளே இறங்கிய மான்குட்டி ஒன்று வயிறு வரை புதைந்துபோனது. தாய்மான் கதறியது. மலையப்பன் என்ற காட்டெருமைதான் இறங்கி, முட்டித் தள்ளிக் குட்டியைக் கரையேற்றியது. சங்கத்தின் மூத்த உறுப்பினர் அது. பெருமைக்காரர். குளத்தில் முதல் வாய் நீர் எப்போதும் அதற்குத்தான்.

கீரி மலையப்பனிடம் ஓடியது. நாளைக்கு எந்தக் குட்டியோ?

"பெரியப்பா, உங்கள் காலில் விழுகிறேன். ஏன் ஒருவரும் சுனைக்கு வரமாட்டேன் என்கிறீர்கள்?"

மலையப்பன் அசைபோடுவதை நிறுத்தியது. "இப்போதாவது கேட்டாயே, அம்மாடி! குன்றுக்குப் பின்னால் நீ எப்படிப் போனாய்?"

"முட்புதருக்கு அடியில் நுழைந்து."

"என் உடம்பைப் பார். நான் எதற்கு அடியில் நுழைவது? இந்த மான்களின் கொம்பு முள்ளில் மாட்டிக்கொண்டால், புலிக்கு அன்றைக்கு விருந்துதான்!"

கீரி தன் குட்டைக் கால்களைக் குனிந்து பார்த்தது. இது அதற்குத் தோன்றவே இல்லை.

"இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே, பெரியப்பா!"

"மறுப்பு உண்டா என்றுதானே கேட்டாய்? மறுப்பு இல்லை. வழிதான் இல்லை."

துடுக்காயியின் நாக்கு நுனியில் ஏகப்பட்ட பதில்கள் இருந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு மெல்லக் கேட்டது: "முட்புதரை மிதித்து வழி உண்டாக்க யாரால் முடியும், பெரியப்பா?"

"யாரால் முடியுமா? இந்தக் காட்டில்? என்னிடமே கேட்கிறாயா?" மலையப்பன் எழுந்து நின்றது. பிறகு கொஞ்சம் தயங்கியது. "அங்கே முதல் வாய்..."

"முதலில் போய்ச் சேருகிறவருக்குத்தான்!"

மறுநாள் புதர்கள் சடசடவென்று முறிந்தன. மலையப்பன் முன்னால் போக, பின்னால் மான்கள் போயின. உதிர்ந்து கிடந்த முள்ளையெல்லாம் வாயால் கவ்வி ஓரம் தள்ளிக்கொண்டே கீரி கடைசியாக வந்தது.

முதல் வாய் குடித்த மலையப்பன் தொண்டையைக் கனைத்தது. "உறுப்பினர்களே! நான் கண்டுபிடித்த இந்தச் சுனை..."

குருவி துள்ளியது. "கேட்டாயா அக்கா, இந்த அநியாயத்தை! யார் கண்டுபிடித்தது? இதோ, சொல்லிவிடுகிறேன்!"

"உஷ்! மான்குட்டி குடிக்கிறது. கத்தி அதைப் பயமுறுத்திவிடாதே" என்றது கீரி.

நீதி: எல்லோரையும் புதிய இடத்துக்கு அழைத்துப் போக நினைப்பவர், வருகிறீர்களா என்று கேட்டால் போதாது, வருவதற்கு என்ன தடை என்றும் கேட்க வேண்டும்.