ஐந்து கால் ரிஷபம்

கொன்றையூர்ச் சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு பால்வாடி இருந்தது. அங்கே ஆயா வேலை பார்த்தவர் அம்மாக்கண்ணு அம்மையார். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதும், கால் கழுவிவிடுவதும், கஞ்சி காய்ச்சி ஊட்டுவதும்தான் அவருடைய பணி. கூடை முடைகிற வீட்டில் பிறந்தவர். கணவரையும் ஒரே மகனையும் ஒரு மழைக்காலத்து விஷக்காய்ச்சலில் இழந்தவர். பதிகம் பாட அவருக்குத் தெரியாது. விடிந்ததும் கோயில் வாசலைப் பெருக்கி முடித்து, "ஐயா, புள்ளைங்க வந்துரும், நான் வாரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அவருடைய பூசை அவ்வளவே.

அவர் மனத்தை ஒரு குறை அரித்துக்கொண்டிருந்தது. கோயிலின் மர ரிஷபத்தைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. திருவிழாவின் ஐந்தாம் நாளில் காளைமேல் வர வேண்டிய சுவாமி, எத்தனையோ ஆண்டுகளாக வெறும் பலகையில் வந்தார். புதிதாகச் செய்து தருகிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் மேடையில் சொல்வார்கள். மேடையை விட்டு இறங்கியதும் மறந்துவிடுவார்கள். பலகையில் போகிற இறைவனைப் பார்க்கும்போதெல்லாம் அம்மையாருக்கு அழுகை வரும். தம் கையால் ஒரு காளை செய்து, அதன்மேல் அவர் ஏறி வர ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கினார்.

அந்த ஆண்டு துணிந்துவிட்டார். மூங்கிலைப் பிளந்து, பிறந்த வீட்டுக் கைத்திறன் எல்லாம் கூட்டி, கனம் தாங்கும் உடற்கூட்டை அவரே முடைந்தார். மற்றதெல்லாம் பிள்ளைகள் பாடு. தெருத்தெருவாகப் போய்ப் பொறுக்கி வந்தார்கள். தென்னம்பாளை கொம்பாயிற்று, கொட்டாங்குச்சி கண்ணாயிற்று, தேங்காய் நார் வாலாயிற்று. சோடா மூடிகளைக் கோத்துச் சலங்கை கட்டினார்கள். பழைய தாளைப் பசையில் ஊறவைத்து உடம்பெங்கும் ஒட்டி, சுண்ணாம்பும் மஞ்சளும் செம்மண்ணும் கரியும் குழைத்துப் பூசினார்கள். மாட்டுக்குப் பூசியதைவிடத் தங்கள் மேல் பூசிக்கொண்டதே அதிகம். பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு கால் என்று கொடுத்திருந்தார் அம்மையார்.

வேலை முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்தாள் பவுனு. நாலு வயதுக் குழந்தை. அதுவரை காய்ச்சலில் கிடந்தவள். காளைக்குக் கால் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, படுத்த இடத்திலேயே மூங்கில் சிம்புகளைக் கட்டி, சங்குப்பூ நீலம் பூசி, அவளும் ஒரு கால் செய்துகொண்டு வந்திருந்தாள். காளைக்குத்தான் நாலும் ஆகிவிட்டதே என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மையார் ஒன்றும் யோசிக்கவில்லை. அந்த நீலக் காலை வாங்கி, வயிற்றுக்கு நடுவே வைத்து இறுகக் கட்டிவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? வாலையும் சேர்த்து எண்ணிவிட்டாளா ஆயா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். பிள்ளைகளோடு இருந்து இருந்து புத்தியும் பிள்ளைப் புத்தியாகிவிட்டது என்றார் தர்மகர்த்தா. மார்க்கசகாய குருக்கள் நல்லவர். நேரில் வந்து, காளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"லட்சணமாத்தான் இருக்கு, அம்மாக்கண்ணு. ஆனா அஞ்சு காலுக்கு ஆகமத்துல எடமில்லை. ஒண்ணை எடுத்துடு. இந்த வருஷமே சுவாமியை ஏறப் பண்ணிடறேன்."

ஆயுள் முழுக்க ஏங்கியது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அம்மையார் பிள்ளைகளைப் பார்த்தார். பவுனு தன் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கால எடுக்கட்டும், சாமி? எல்லாம் புள்ளைங்க செஞ்சது. எதை எடுத்தாலும், சாமிக்கு நம்ம வேணாம்போலன்னு ஒரு புள்ள மனசு நெனச்சிரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம். அவரு பலகையிலயே போவட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, தாங்க முடியவில்லை. சமையல்கட்டுக்குள் போய், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார்.

ஐந்தாம் நாள் உச்சிக்கால பூசை முடிந்து குருக்கள் மண்டபத்தில் சற்றுக் கண்ணயர்ந்தார். கனவில் இறைவன் எழுந்தருளினார்.

"பிருங்கி நிற்கமாட்டாமல் தள்ளாடியபோது அவனுக்கு மூன்றாம் கால் கொடுத்தோம். அன்று எந்த ஆகமத்தைக் கேட்டோம்? இன்று ஒரு குழந்தை நமக்குக் கால் கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல நீ யார்?"

குருக்கள் திடுக்கிட்டு எழுந்தார். இறைவியின் சினத்தால் வலுவிழந்து விழுந்த பிருங்கி முனிவருக்கு ஈசன் ஊன்றி நிற்க ஒரு கால் தந்த கதையை, எத்தனையோ மேடைகளில் சொன்னவர் அவரேதான். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பால்வாடிக்கு ஓடினார். பிள்ளைகள் உண்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிய கையோடு எழுந்து நின்ற அம்மையாரிடம் கனவைச் சொல்லி, கை கூப்பினார்.

அன்று மாலை கொன்றையூர் இறைவர் ஐந்து கால் ரிஷபத்தின்மேல் வீதி வந்தார். கேலி பேசிய டீக்கடை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தர்மகர்த்தாவும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். கூட்டத்தில் அம்மையாரின் இடுப்பில் இருந்த பவுனு, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள்:

"ஆயாம்மா, சாமி என் கால்லயும் வராரு."

கண்ணீர் மறைத்ததில், வாழ்நாளெல்லாம் காணத் தவித்த காட்சியை அம்மையார் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பிள்ளை மனம் நோகாதிருக்கத் தன் பெருமானையே பலகையில் போகச் சொன்ன அந்தத் தாயின் அடி நம் தலைமேல் இருக்கட்டும்.