கரடி நிறுத்திய அப்டேட்

மலையடிக் காடு ஒன்றில் ஒரு கரடி இருந்தது. முன்கோபி. மழைக்காலத்துக்கென்று குகை நிறையத் தேன் சேர்த்து வைத்திருந்தது. தாயில்லாத அதன் இரண்டு குட்டிகளுக்கும் அதுதான் உணவு. கணினியில் பிரவுசரைத் திறந்து ரகசியச் சொல்லைத் தட்டினால்தான் குகைக் கதவு திறக்கும்.

அந்தப் பிரவுசரைக் காட்டுக்கே பின்னிக் கொடுத்தவை தூக்கணாங்குருவிகள்.

ஒருநாள் காலை கரடி கணினியைத் திறந்தது. இடப்பக்கம் இருந்த பொத்தான் வலப்பக்கம் போயிருந்தது. நிறமும் வேறு.

"யார்ரா என் கணினியில கை வச்சது?"

குருவி ஒன்று பறந்து வந்தது. "புதுப் பதிப்பு மாமா. தானாவே வந்து இறங்கிக்கும். முதல்ல கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்ப்போம். கோளாறு இல்லேன்னா எல்லாருக்கும் போகும்."

"என்னைக் கேட்டியா?"

"ஒவ்வொருத்தரையா எப்படிக் கேக்கிறது?"

"என் வீட்டுல புகுந்து சாமானை இடம் மாத்துவே, ஒரு வார்த்தை கேட்க மாட்டே! போடா வெளியே!"

குருவி போனதும் நரி வந்தது.

"சரியாக் கேட்டீங்க அண்ணே! உங்க கணினிக்கு நீங்க ராஜாவா, அந்தச் சுண்டைக்காய்ப் பயல் ராஜாவா? அப்டேட்டையே நிறுத்திடுங்க. இதோ, இங்கே ஒரு தட்டு."

கரடி தட்டியது. பழைய பொத்தான் திரும்பி வரவில்லை. ஆனாலும் கரடிக்கு ஜெயித்துவிட்ட திருப்தி.

சில வாரம் போயிற்று. நரி ஓர் இணையப் பக்கத்தை அனுப்பியது. "மலையுச்சிப் பூக்கள், பாருங்க அண்ணே!" கரடி திறந்து பார்த்தது, ரசித்தது. பிறகு வழக்கம்போல ரகசியச் சொல்லைத் தட்டிக் குட்டிகளுக்குத் தேன் எடுத்துக் கொடுத்தது.

மறுநாள் அடைமழை. கதவு உடையவில்லை. குகை காலி.

கரடி குருவிகளின் மரத்தைப் பிடித்து உலுக்கியது. "அயோக்கியப் பசங்களா! உங்க பிரவுசர்ல ஓட்டை!"

"ஓட்டை இருந்தது நிஜம் மாமா," என்றது குருவி. "போன வாரமே அடைச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டோம். உங்களுக்குத்தான் வந்து சேரல. நரி புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சுப் பார்த்து, எங்கே ஒட்டுப் போட்டிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டான். பழசு யார்கிட்ட இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா? அவன் அனுப்பின பூப் பக்கம் அந்த ஓட்டை வழியாப் புகுந்து, நீங்க தட்டின ரகசியச் சொல்லை அவனுக்குக் கொடுத்துடுச்சு."

"ஓட்டை இருக்குன்னு முன்னாடியே கத்தித் தொலைக்கிறதுக்கென்ன?"

"அடைக்கிறதுக்கு முன்னாடி கத்தினா நரிக்கும் கேட்குமே!"

"அப்போ பொத்தானை நகர்த்துறதையும் ஓட்டையை அடைக்கிறதையும் எதுக்குடா ஒரே மூட்டையா கட்டி அனுப்புறீங்க? பொத்தானைத் தொடுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருந்தா, நான் ஏன்டா நிறுத்தப்போறேன்?"

குருவி தலையைத் தொங்கப்போட்டது. கரடி கேட்டது நியாயம்.

குகைக்குள்ளே குட்டிகள் இரண்டும் தேன் ஒழுகிய தரையை நக்கிக்கொண்டிருந்தன.

நீதி: உன் கோபம் நியாயமாகவே இருக்கட்டும், அதற்காகக் காவலை விலக்காதே, திருடன் காத்திருப்பது அதற்குத்தான்.