கொப்பரையில் தங்காத புளி

பானை சட்டிக்கும் உப்பு புளிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்து அரண்மனை ஒன்றில் ஆவுடையம்மை என்பவள் தலைமைச் சமையற்காரியாக இருந்தாள். மடைப்பள்ளியில் அவள் வைத்ததுதான் சட்டம். அரசரே வந்தாலும் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு செம்புக் கொப்பரைமேல் மட்டும் கொள்ளை ஆசை.

ஆசை வராமல் என்ன செய்யும்? அரசி தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த பாத்திரம் அது. ஒரே தகட்டை அடித்து அடித்து வளர்த்திருந்தார்கள்; ஒட்டுப் போட்ட இடம் தேடினாலும் கிடைக்காது. அடியில் கொஞ்சம் விறகை வைத்தால் போதும், சூடு விளிம்புவரை ஒரே சீராக ஏறும். அதில் காய்ச்சிய பால் அடிப்பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. காலை வெயில் அதன்மேல் விழுந்தால் சுவரெல்லாம் சிவந்துபோகும். இத்தனை அழகு இருந்தும் அதற்குத் துளி கர்வம் கிடையாது.

பாலும் நெய்யும் வெல்லமும் அதற்குள் இறங்கிச் சுகமாக வெந்தன. புளிக்கு மட்டும் மூலையில் கிடந்த மண்சட்டிதான். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது, அந்த மடைப்பள்ளியின் பழைய வழக்கம். புளிக்கோ அது பெரிய மனக்குறை. கொப்பரைக்கும் அதை நினைத்து வருத்தம், ஏனென்றால் இரண்டும் உயிர்ச் சிநேகிதம்.

அரசரின் பிறந்தநாள் விருந்தன்று புளி ஆவுடையம்மையிடம் வாய்விட்டே கேட்டுவிட்டது.

"ஒரே ஒரு நாள் கொப்பரைக்குள்ள கொதிச்சிட்டு வந்துருதேன், அக்கா."

"வரட்டுமே அக்கா," என்றது கொப்பரை. "நானும் எத்தன நாளைக்குத்தான் இனிப்பையே சுமக்க?"

இரண்டும் சேர்ந்து கெஞ்சினால் அவள் மனசு தாங்குமா? வழக்கமாவது ஒன்றாவது என்று புளியைக் கரைத்துக் கொப்பரையில் ஊற்றிவிட்டாள். குழம்பு மணம் ஊரைத் தூக்கியது. பந்தி போடத் தாமதமானதால் குழம்பு அதிலேயே வெகுநேரம் கிடந்தது.

அரசர் முதல் கவளத்தை விழுங்கினார், அடுத்ததையும் விழுங்கினார், குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே பந்தி மொத்தமும் கொல்லைக்கு ஓடியது. ஆவுடையம்மை பதறிப்போய்க் குழம்பைக் கொட்டிப் பார்த்தாள். கொப்பரையின் உள்ளெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

நஞ்சு கக்குகிற பாத்திரம் அரண்மனையில் இருக்கக் கூடாது, உடைத்து உருக்கிவிடுங்கள் என்று அரசர் உத்தரவு போட்டார். செம்புப் பாத்திரம் அடிக்கும் கன்னார்கள் சம்மட்டியோடு வந்து நின்றார்கள். அரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கரியும் களிம்புமாகக் கிடந்த கொப்பரை, அந்த நிலையிலும் புளியின் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் ஆவுடையம்மையின் நெஞ்சை அறுத்தது.

புளிக்குப் பொறுக்கவில்லை. அரசர் முன்னால் போய் விழுந்தது.

"தப்பு அதும்மேல இல்ல, மகாராசா. நான் உள்ள தங்குனா அது நஞ்சாப் போகுது. எனக்குத் தெரியாமப் போச்சு. இனி எஞ்சென்மத்துக்கும் அதுக்குள்ள தங்க மாட்டேன். உடைக்கதுக்கு முன்னால, ஒருதரம் அது முகத்தத் தொடச்சு விட்டுக்கிடுதேன்."

அரசர் மறுக்கவில்லை. ஆவுடையம்மை பிழிந்துபோட்ட புளிச்சக்கையை அள்ளி, கல்லுப்பைத் தொட்டு, அழுதுகொண்டே தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் கரியும் களிம்பும் கரைந்து ஓடின. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். உள்ளும் புறமும் கொப்பரை புதுப்பெண் போல் சிவந்து நின்றது. கன்னார்களில் மூத்தவர் சம்மட்டியைத் தரையில் வைத்துவிட்டு, இதை உடைக்கிற கை தனக்கு இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அரசரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னார்களைப் போகும்படி கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னித்துவிட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அன்று முதல்தான் செம்புப் பாத்திரத்தில் யாரும் புளியைத் தங்க விடுவதில்லை. பாத்திரத்தின் முகம் கறுத்துவிட்டால் புளியைத் தவிர வேறு யாரையும் கூப்பிடுவதும் இல்லை.