கதவெண் இல்லாத பக்கம்

முதலில் தெருக்குழாயை அடைத்தார்கள். அடுத்து தெருவிளக்கைப் பிடுங்கினார்கள். அதன்பின் கதவுகளில் சிவப்பு எண் எழுதி, எண் உள்ள வீட்டுக்கு மட்டும் மாற்று வீடு என்றார்கள். கதவே இல்லாதவர்களை எண்ணவில்லை. கடைசியாக இயந்திரம் வந்தது. ஓடைமேடு என்ற குடிசைப்பகுதி ஒரே பகலில் மண்ணானது.

இதே வரிசையில்தான் இதழின் முதல் பக்கத்தை எழுதியிருந்தார் தணிகாசலம். ஓடைமேட்டின் எல்லாப் போராட்டத்துக்கும் தலைமை தாங்கியவர். துண்டறிக்கை படித்தே அரசியல் கற்றவர். ஓடைமேட்டு நினைவுகளை வீட்டுக்கு ஒரு பக்கமாகக் கையால் எழுதி, நகலெடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து இதழாக்கும் வேலையை அவருக்குக் கற்றுத்தந்தவர் துளசிமணி. அதே ஓடைமேட்டுக்காரர், வயதில் இளையவர். ஆனாலும் தணிகாசலம் அவரை ஆசான் என்றே அழைத்தார்.

துளசிமணியிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதை அங்கே வாழ்ந்தவர்கள் முன் உரக்கப் படிக்க வேண்டும். அவர்கள் ஆமாம் என்ற பிறகே பின் அடிக்கலாம்.

ஞாயிறு காலை, மாற்றுக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், ஓடாத லிப்ட்டுக்கு எதிரே எல்லோரும் உட்கார்ந்தார்கள். தணிகாசலம் படித்துக்கொண்டே போக, நாற்பத்தொன்றாம் வீட்டுப் பக்கம் வந்தது. இடிப்பு நோட்டீசை ஒட்டிவிட்டு அதிகாரி திரும்புவதற்குள் ஓர் ஆடு அதைத் தின்றுவிட்ட கதை. ஆட்டின் மேல் கேஸ் போடுவேன் என்று அவர் குதித்தாராம். சிரிப்பு அடங்க நேரமானது.

தாள் மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டுச் சுவரில் தார்ப்பாய் சாய்த்துக் குடியிருந்தவர். எண் இல்லாததால் வீடு கிடைக்கவில்லை. இன்றும் பஸ் நிலையத்தில்தான் படுக்கை. இதழ் வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும் வந்திருந்தார்.

"அது என் ஆடுண்ணே," என்றார் தணிகாசலத்திடம். "நான்தானே உங்ககிட்ட சொன்னேன். என் பக்கம் எங்க?"

நாற்பத்தொன்றாம் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"கதவெண்படி அடுக்கினோம்மா," என்றார் தணிகாசலம். "உனக்கு எண் இல்லையே."

"அன்னிக்கு ஆபீசரும் இதையேதான் சொன்னாரு."

அதிகாரி செய்தால் அதற்குப் பெயர் அநீதி. மறுநாளே கண்டன அறிக்கை வரும். நம் ஆள் செய்தால் அதற்குப் பெயர் விடுபடல். அடுத்த இதழில் சேர்த்துவிடலாம் என்றார் தணிகாசலம். சொல்லும்போதே குரல் இறங்கியது.

அந்தப் பெண் மடித்த தாள்களை அடுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் அங்க இருந்தேன்னு சொல்ல வேற காகிதம் இல்லண்ணே. அதான் கேட்டேன்."

துளசிமணி கத்தரிக்கோலை எடுத்தார். தன் வீட்டுப் பக்கத்தின் தலையிலிருந்த எண்ணை முதலில் வெட்டினார். பிறகு மற்ற வீடுகளுடையதை. எண்கள் தரையில் விழுந்தன. பின்பு ஒரு வெள்ளைத் தாளைத் தணிகாசலத்தின் முன் வைத்தார்.

அவர் ஆட்டின் கதையை அதில் புதிதாக எழுதினார். தலைப்புக்கு வந்ததும் பேனா நின்றது. ஆசானின் பக்கம் குனிந்தார்.

"ஆட்டுக்காரின்னு போடட்டுமா? எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறோம்."

"பேர் தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினார் தணிகாசலம். அவருடைய ஒவ்வொரு ஊர்வலத்திலும் அந்தப் பெண் கொடி பிடித்து நடந்திருக்கிறார்.

"உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார் துளசிமணி.

"தோழர் தணிகாசலம்னு."

"அப்போ அவங்க பேரையும் கேளுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கேளுங்க."

தணிகாசலம் எழுந்து நின்றார். கேட்டார். அந்தப் பெண் சொன்னார். தணிகாசலம் சுவரில் தாளை வைத்து எழுதினார். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், உரக்கப் படித்தார்.

"வேதநாயகி."