பாதி மலையில் மணி

இந்தக் கதையை சிவதாணு ஒருவரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை. கடைசியில் வரும் ஒரு விஷயத்தை மட்டும் நானே சரிபார்த்தேன்.

"மாஸ்டர், எதை முதல்ல ஆடணும்?"

இதைக் கேட்பதற்காகவே சிவதாணு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வங்கி வேலை. நாற்பதைத் தொடப்போகிற வயது.

மாஸ்டருக்கு அவரைவிட வயது குறைவு. பெயர் பெனிட்டா. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் வீடியோ கேம் சென்டர் நடத்தினாள். எந்த விளையாட்டில் எங்கே மாட்டிக்கொண்டாலும் அவளிடம் போனால் வழி கிடைக்கும் என்று பேச்சு. ஆனால் மாட்டிக்கொண்டவர் கையிலிருந்து கன்ட்ரோலரை அவள் வாங்கவே மாட்டாள்.

இப்போதும் ஒரு கன்ட்ரோலரைப் பிரித்துப்போட்டுப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுல எதை, அண்ணாச்சி?"

சிவதாணு அங்கிருந்த கம்ப்யூட்டரில் தன் விளையாட்டுக் கணக்கைத் திறந்தார். அவர் வாங்கி வைத்திருந்த விளையாட்டுகளின் பெயர்கள் மேலிருந்து கீழே ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

பஞ்சு நின்றது.

"இம்புட்டும் உங்களுதா?"

"எல்லாத்தையும் கணக்கு வச்சிருக்கேன் மாஸ்டர்." அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். "ஆடாதது சிவப்பு. பாதியில நிக்கது மஞ்சள். முடிச்சது பச்சை."

"பச்சையக் காணுமே."

"கீழ இருக்கு."

அவள் கீழே போய்ப் பார்க்கவில்லை.

"நேத்து என்ன ஆடுனீங்க?"

"நேத்து ஆடல. மஞ்சள் கண்ணை உறுத்திச்சு. வேற மஞ்சள் மாத்தினேன்."

"முந்தாநேத்து?"

சிவதாணுவுக்குச் சுருக்கென்றது. குற்றவாளியை விசாரிப்பது போல இது என்ன கேள்வி?

"ஆடுறதுக்கு விட்டாத்தானே மாஸ்டர்? ஒண்ணைத் தொடங்கி உக்காந்தா உடனே தள்ளுபடின்னு அறிவிக்கான். தீபாவளிக்குத் தள்ளுபடி, கோடைக்குத் தள்ளுபடி, ஒண்ணுமே இல்லாத செவ்வாய்க்கிழமைக்கு ஒரு தள்ளுபடி. போதாததுக்கு வாராவாரம் ஒண்ணை இலவசமா வேற தள்ளி விடுதான். சும்மா தாறதை வேண்டாம்னு சொல்ல முடியுமா? நான் ரிட்டயர் ஆகி உக்காந்தாலும் இது தீராது. இதைக் கேக்கதுக்கு ஒரு ஆள் கிடையாது. நியாயமா இது?"

"நியாயமே இல்ல" என்றாள் பெனிட்டா.

அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவள் திரையில் ஒரு மஞ்சள் கட்டத்தைக் காட்டினாள். "இது என்னது?"

"அதா? அது ரெண்டு பேர் ஆடுறது. ஒரு பெரிய மணியைக் கம்புல கட்டி, ஆளுக்கொரு முனையைத் தோளில வச்சு மலையுச்சிக்குக் கொண்டு போணும். பாதி மலை ஏறியாச்சு."

"இன்னொரு முனையில யாரு?"

"ஷாகுல். காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம். அப்ப எங்களுக்கு ஒரே கம்ப்யூட்டர். கீபோர்டுல இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி அவனுக்கு. தோள் இடிக்க உக்காந்து ஆடுவோம்." சிவதாணு சிரித்துவிட்டார். பிறகு நினைவு வந்தவராக முகத்தை மாற்றிக்கொண்டார். "இப்ப மஸ்கட்ல இருக்கான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்னைக்கு இதுலதான் ஆடக் கூப்பிடுவான். தனியா ஆட வேண்டியதெல்லாம் முடிச்சிட்டு வாறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எப்பச் சொன்னீங்க?"

"போன வருசம். அதுக்கு முந்தியும் இருக்கலாம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கான். போன வாரம் மட்டும் கூப்பிடல. அன்னைக்குத்தான் நிம்மதியா உக்காந்து பட்டியலைச் சரி பண்ணுனேன்."

பெனிட்டா மறுபடியும் பஞ்சை எடுத்தாள்.

டிங் என்று ஒரு சத்தம். திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, பட்டியலின் கடைசி வரிசையை மறைத்தது. சிவதாணு பேச்சை நிறுத்தாமல், பார்வையைத் திருப்பாமல், பழகின கையால் அதை அழுத்தினார். பெட்டி மறைந்தது.

"அதனால மாஸ்டர், எனக்கு ஒரு வரிசை சொல்லுங்க. பெருசு முதல்லயா, சின்னது முதல்லயா?"

பெனிட்டா மூலையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம்" என்றாள்.

வேலையாக இருக்கிறாள் என்று நினைத்தார். அவள் ஒரு பித்தானைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மாஸ்டர், பழசு முதல்லயா, புதுசு முதல்லயா? அது மட்டும் சொன்னாப் போதும்."

"இப்ப வேண்டாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஈ ஓட்டுகிற மாதிரி சொன்னாள்.

"உங்களுக்கு எப்பத் தோதுப்படும்னாவது சொல்லுங்க."

அவள் நிமிரவே இல்லை.

"இப்ப வேண்டாம்."

சிவதாணு எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்கள்.

"என்ன மாஸ்டர் இது? மனுசன் அம்புட்டுத் தூரத்துல இருந்து உங்களை நெனச்சுக்கிட்டு வாறான். வாய் திறந்து கூப்பிடுதான். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பக் கூப்பிடுதான். முகத்தைக்கூடப் பாக்காம ஒரே வார்த்தையைச் சொல்லி விரட்டுதிய. அப்படி என்ன தலைபோற வேலை? ஒரு பித்தானைத் துடைக்கது அம்புட்டு முக்கியமா? கூப்பிடுதவனுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா?"

பெனிட்டா பிரித்துப்போட்ட கன்ட்ரோலரை மூடி, திருகுகளை முடுக்கினாள்.

டிங்.

சிவதாணுவின் கை தானாகவே மூலைக்குப் போனது. மவுஸின் அம்பு பெட்டிக்குள் இருந்த பித்தானின் மேல் நின்றது. இவ்வளவு நாளும் இடத்தை வைத்துத்தான் அதை அழுத்தியிருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் முறையாக வாசித்தார்.

'இப்போது வேண்டாம்.'

அதற்கு மேலே ஷாகுலின் பெயர்.

அவர் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பெனிட்டா சுவரோரம் போயிருந்த நாற்காலியை உருட்டிவந்து அவருக்குப் பின்னால் நிறுத்தினாள். துடைத்த கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தாள்.

அந்த மணி விளையாட்டை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். ஒருவர் பாதியில் போய்விட்டால், மற்றவர் மணியை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். எந்தப் பித்தானை அழுத்தினாலும் எழுந்திருப்பதில்லை. இதைச் சரிபார்க்க நானும் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.