பொந்தைப் பூட்டி வைத்த இருவாச்சி

ஆற்றங்கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் நடுவில் ஒரு பொந்து. ஏழு தலைமுறையாக இருவாச்சிப் பறவைகள் அந்தப் பொந்தில்தான் குஞ்சு பொரித்து வந்தன. இப்போது அது பொன்னலகி என்ற இருவாச்சிக்கும் அவள் புருஷனுக்கும் வீடு.

இருவாச்சி குஞ்சு வளர்ப்பதே தனி விதம். பங்குனி பிறந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலைச் சேறு வைத்து அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் விடும். ஆண் பறவை அதன் வழியாகப் பழம் ஊட்டும். குஞ்சு தேறும்வரை உள்ளே சிறைதான். அலகும் பெரிது, உடம்பும் பெரிது. அதற்குச் சின்னப் பொந்தெல்லாம் ஆகாது. காடு முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொரு பொந்து கிடைக்காது.

குஞ்சு பறந்துவிட்டால் அடுத்த பங்குனிவரை பொந்து சும்மா கிடக்கும். அப்போதாவது யாரையாவது விடுவாளா பொன்னலகி? ம்ஹூம்! மைனா எட்டிப் பார்த்தால் மண்டையில் ஒரு கொத்து. அணிலுக்கும் கிளிக்கும் அதே மரியாதைதான். ஏழு தலைமுறை வீட்டில் கண்டவர் கால் படக்கூடாதாம்.

அதே கரையில் சூரப்பன் என்ற நரி இருந்தான். அக்கரையில் முயல் வளைகள் ஏராளம். ஆனால் நடுவில் ஆறு, ஆற்றில் முதலை. பாவம், எச்சில் விழுங்கியே அவன் வயிறு நிறைந்தது. ஒருநாள் அவன் பார்வை மருதமரத்தின் மேல் விழுந்தது. அது சாய்ந்தால் ஆற்றின் குறுக்கே அருமையான பாலம்!

நேராக யானைத் தலைவர் பெருங்காலரிடம் போனான். முயலைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்த மரம் பொந்து விழுந்த கிழட்டு மரம், என்றைக்கானாலும் விழத்தான் போகிறது, இப்போதே சாய்த்தால் வெள்ளக்காலத்தில் மான்குட்டிகள் அக்கரைக்குத் தப்பிப் போகலாம் என்று தேன் ஒழுகப் பேசினான். இருவாச்சிக்கும் குறை வைக்க மாட்டானாம். கல்யாண முருங்கை மரத்தில் மரங்கொத்தியை விட்டு இருபது புதுப் பொந்து போட்டாயிற்றாம். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளட்டும் என்றான். பெருங்காலர் நல்லவர். நல்லவர்களை ஏமாற்ற நல்ல வார்த்தை போதும்.

நரி நாள் பார்த்துத்தான் பேசினான். முட்டையோ குஞ்சோ இருக்கும் மரத்தில் யானை தும்பிக்கை வைக்காது. அது அந்தக் காட்டின் வழக்கம். அப்போது ஆனி மாதம். இருவாச்சிக் குஞ்சுகள் பறந்துபோய், பொந்து காலியாக இருந்தது.

காடே கூடியது. பொன்னலகி ஏழு தலைமுறைப் பெருமையையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஒருவரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. மைனா எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நரி பணிவாகக் கேட்டான்: "பெருமை இருக்கட்டும் அம்மா. இன்றைக்கு அந்தப் பொந்தில் குடியிருப்பது யார்?"

பொன்னலகி காலிப் பொந்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆளில்லாத வீட்டுக்காக ஊர் நன்மையை நிறுத்த முடியாது. ஆடி அமாவாசைக்கு வருகிறேன்" என்று பெருங்காலர் எழுந்துவிட்டார்.

வீடு போனால் அடுத்த பங்குனியில் முட்டையை எங்கே இடுவது? யானையின் கண்ணைக் கொத்தப்போவதாக அவள் புருஷன் துள்ளினான். யானையோடு மல்லுக்கட்டி ஜெயித்த பறவை உண்டா என்று அவனை அடக்கினாள். நரி கேட்ட கேள்வியே அவள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் மைனாவைத் தேடிப் போனாள்.

மைனா அப்போது நரி போட்ட புதுப் பொந்து ஒன்றில் குடியிருந்தது. முதல் மழைக்கே அந்த மெத்தென்ற கல்யாண முருங்கை ஊறி, பொந்துக்குள் தண்ணீர் நின்றது. ஆனாலும் ரோஷம் போகுமா?

"வாங்க மகாராணி. போன வருஷம் என் மண்டையில் கொத்தியது யார்?"

"நான்தான். தப்பு என்னுடையதுதான். என் வீட்டில் வந்து முட்டை இடு."

அதைச் சொல்லப் பொன்னலகிக்கு நாக்கு கூசியது. சொல்லிவிட்டாள். மைனா ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. பொன்னலகி அதோடு விடவில்லை. அணில் வீட்டுக்கும் கிளி வீட்டுக்கும் போய், ஒவ்வொருவரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, முறை வைத்து வந்து குடியிருக்க அழைத்துவிட்டு வந்தாள்.

ஆடி அமாவாசைக்கு யானை வந்தது. பொந்தில் நாலு மைனா முட்டை. தும்பிக்கையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது.

புரட்டாசியில் நரி மறுபடியும் யானையைக் கூட்டி வந்தான். பொந்தில் அணிலும் மூன்று குட்டிகளும் இருந்தன.

"வழக்கம் முட்டைக்கும் குஞ்சுக்கும்தானே தலைவரே? அணில் போடுவது குட்டி அல்லவா?" என்று நரி குறுக்குக் கேள்வி போட்டான்.

"நானும் குட்டியாகப் பிறந்தவன்தான்" என்று சொல்லிவிட்டு யானை நடந்தது.

தை மாதம் பொந்துக்குள் கிளி முட்டை. அன்றைக்கும் நரி விடவில்லை, கூடையில் எடுத்து வேறு மரத்தில் வைத்துவிடலாம் என்றான். பெருங்காலர் அவனை உற்றுப் பார்த்தார்.

"வெள்ளம் வந்தது, வடிந்தது. மான்குட்டி ஒன்றுகூடப் பாலம் கேட்கவில்லை. உனக்கு ஏன் இத்தனை அவசரம்?"

நரியின் கண் தானாக அக்கரைக்குப் போனது. யானையும் அந்தப் பக்கம் திரும்பியது. வெயிலில் முயல்கள் கொழுகொழுவென்று விளையாடிக்கொண்டிருந்தன. அப்புறம் விளக்கம் எதற்கு? பெருங்காலர் பிளிறிய பிளிறலில் நரி காட்டைவிட்டே ஓடினான்.

பங்குனி பிறந்தது. வயிற்றில் முட்டையோடு பொன்னலகி தன் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கடைசிக் கிளிக்குஞ்சு ஒன்று இன்னும் பறக்காமல் உட்கார்ந்திருந்தது. தாய்க்கிளி பதறி வாசலில் சிறகை விரித்து நின்றது.

பொன்னலகியின் புருஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நம் வீட்டு வாசலில் நாம் நிற்பதா? அதைப் பிடித்து வெளியே தள்ளு!"

"இந்த மாதிரிக் குஞ்சுகள் உள்ளே இருந்ததால்தான் நமக்கு இன்றைக்கு வீடு இருக்கிறது. சும்மா இரு" என்றாள் பொன்னலகி.

நாலு நாள் அவள் எதிர்க்கிளையில் காத்திருந்தாள். புருஷன் கொண்டுவந்த அத்திப்பழத்தில் பாதியை அந்தக் குஞ்சுக்கு ஊட்டினாள். ஐந்தாம் நாள் காலையில் குஞ்சு தட்டுத்தடுமாறிப் பறந்தது. பொன்னலகி அலகு நிறையச் சேறு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

பழைய வீட்டை அதன் பெருமை காப்பதில்லை. அதில் வாழ்கிறவர்களே காக்கிறார்கள்.