ஏட்டில் உள்ளதெல்லாம் எனக்கே!

மருதங்காட்டை ஆண்ட வீரகேசரி மன்னருக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு: இலவசம்.

அரண்மனை ஏட்டுச்சாலையில் கரையான் புகுந்தது. ஏடுகளையெல்லாம் புதிதாகப் பெயர்த்தெழுத வேண்டும். கஜானாவிலோ காசில்லை. இருந்ததெல்லாம் பட்டத்து யானைக்குத் தங்க முகபடாம் ஆகிவிட்டது. யானைக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அது ஆட்சேபிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தனபூபதி என்ற வணிகர் வந்தார்.

"மன்னா, என் ஆட்களே நகல் எழுதுவார்கள். தங்களுக்குச் சல்லிக்காசு செலவில்லை. கைபட்டால் பழைய ஏடு கெட்டுவிடும், ஏட்டுச்சாலையைப் பூட்டிவிடலாம். படிக்கிறவர்கள் என் கடைக்கு வரட்டும். நகல்களில் எழுதியிருப்பதெல்லாம் எனக்கே உரியது என்று சாசனத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்."

"இலவசமாகவா!" என்று மன்னர் முத்திரை வைத்துவிட்டார். அவையே கைதட்டியது. கைதட்டவும் செலவில்லையே.

சில மாதம் கழித்து, அவைப் புலவர் நல்லபெருமாள் கடைத்தெருவில் மருத்துவச்சி வேலாயியைப் பார்த்தார். தோள் தொட ஆடும் தண்டட்டிகளை அவள் காதில் காணோம்.

"என்ன வேலாயி, காது மூளியா இருக்கே?"

"பச்சப்புள்ளைக்கு இழுப்பு வந்துடுச்சு சாமி. வைத்திய ஏட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தா, ஏட்டுச்சாலை பூட்டிக் கெடக்கு. கடையில ஒரு பொன் கேட்டாங்க. தண்டட்டியக் கழட்டிக் குடுத்தேன். புள்ள பொழச்சிருச்சு. அந்த ஏட்டுல பாதி எங்க பாட்டன் சொல்லி எழுதினது சாமி!"

புலவர் நேரே தனபூபதியின் கடைக்குப் போனார். ஒரு பொன் கொடுத்து ஓர் ஏட்டை வாடகைக்கு வாங்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார்.

அங்கே தனபூபதிக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். புலவர் மன்னரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தனபூபதியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராஜா வாழ்க!"

மன்னர் முகம் சிவந்தது. "புலவரே, அரசன் இங்கே இருக்கிறேன்!"

"மன்னிக்க வேண்டும். இது தங்கள் வம்சாவளி ஏடு. தங்கள் பாட்டனார், பூட்டனார் எல்லாம் இதில் இருக்கிறார்கள். எழுதியிருப்பதெல்லாம் இவருக்கே என்று தாங்கள்தானே முத்திரை வைத்தீர்கள்? பாட்டனார் இவருக்கென்றால் சிம்மாசனம் யாருக்கு?"

தனபூபதிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. "சாசனத்தில் அப்படித்தான் இருக்கிறது..." என்று இழுத்தபடி மீசையைத் தடவினார்.

"அப்படியானால் அடுத்த ஓலையும் தங்களுக்கே, மகாராஜா" என்று புலவர், பூட்டனாரின் நேர்த்திக்கடனை உரக்கப் படித்தார். "'பஞ்சம் தீர்த்த அம்மனுக்கு, என் குலத்துத் தலைமகன் ஆடிதோறும் நூற்றெட்டுத் தேங்காயைத் தன் தலையில் உடைத்துக்கொள்வான்.' இந்த மன்னருக்கு ஆடி வந்தாலே ஒற்றைத் தலைவலி. பல வருட பாக்கி. பூசாரி வாசலில் தேங்காயோடு நிற்கிறார். வரச் சொல்லட்டுமா?"

வணிகரின் கை மீசையிலிருந்து உச்சந்தலைக்குப் போனது. "ஐயோ! அது எனக்கெப்படி உரியதாகும்?"

"எழுதியிருப்பதெல்லாம் தங்களுக்கே என்றீர்களே?"

"எழுதிய கூலி மட்டும்தான் என்னுடையது! எழுதியிருப்பது என்னுடையதில்லை!"

"பிறகு யாருடையது?"

"ஊருடையது! ஊர் முழுக்க எல்லாருடையது!"

"சாசனத்தில் அதையே எழுதிவிடலாமே" என்று எழுத்தாணியை நீட்டினார் புலவர். தனபூபதி எழுதிய வேகத்தை அவருடைய நகல்காரர்கள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். முகபடாமை விற்று வணிகருக்கு எழுத்துக்கூலி கொடுக்கச் சொன்னார். ஏட்டுச்சாலையைத் திறந்து, நகல்களை யார் வேண்டுமானாலும் படிக்கவும் பெயர்த்துக்கொள்ளவும் ஆணையிட்டார். தண்டட்டி அன்றே வேலாயியின் காதுக்குத் திரும்பியது. புலவருக்கு முத்துமாலை கிடைத்தது.

மாலையைப் போடும்போது மன்னர் புலவரின் காதோரம் குனிந்தார். "புலவரே, ஏட்டில் உள்ளதெல்லாம் ஊருக்கு என்றாகிவிட்டது. அப்படியானால் அந்தத் தேங்காயும்..."

"படிப்பதுதான் ஊருக்கு, மன்னா" என்றார் நல்லபெருமாள். "உடைப்பது தங்களுக்கு!"